ஒரு எழுத்து பார்த்து வாங்குங்கள்

பெங்களூரில் ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை. அதை நடத்துபவர் ஒரு அம்மா. பான் கார்டு விண்ணப்பம், பரீட்சை விண்ணப்பம், மின் கட்டணம் என்று நாள் முழுக்க ஆட்கள் வருவார்கள். ஒரு நாள் அவருடைய பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. கடை ஓடவில்லை.

சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு எஸ்.பி. ரோட்டுக்குப் போனார். டெல்லிக்கு நேரு பிளேஸ், மும்பைக்கு லேமிங்டன் ரோடு, சென்னைக்கு ரிச்சி தெரு எப்படியோ, பெங்களூருக்கு எஸ்.பி. ரோடு அப்படி. பாகங்களைத் தனித்தனியாக வாங்கினார். பக்கத்து வீட்டுப் பையன் அவற்றைச் சேர்த்து மாட்டினான். இதை ‘அசெம்பிள்’ செய்வது என்பார்கள். தேவையானதை மட்டும் வாங்கலாம். பழுது வந்தால் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றலாம்.

சுவிட்சைப் போட்டான். விசிறி சுற்றியது. விளக்கு எரிந்தது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

எந்தப் பாகமும் கெட்டுப்போகவில்லை. பிறகு என்ன கோளாறு? ஒரே ஒரு எழுத்துதான்.

கம்ப்யூட்டரின் மூளை பிராசஸர். இன்டெல் கம்பெனியில் ஐ3 12100 என்று ஒரு பிராசஸர் உண்டு. அதே எண்ணோடு கடைசியில் ‘எஃப்’ என்ற எழுத்து சேர்ந்த ஒன்றும் உண்டு. எஃப் போட்டதற்கு விலை குறைவு. ஏனென்றால், திரையில் படம் காட்டும் பகுதி அதில் வேலை செய்யாது. தனியாக கிராஃபிக்ஸ் கார்டு வாங்கி மாட்ட வேண்டும். ஏ.எம்.டி. கம்பெனியில் இது வேறு மாதிரி. 5600 என்றால் படம் வராது. 5600ஜி என்றால் வரும்.

“விலை குறைவாகக் கொடுங்கள் அண்ணா” என்று அந்த அம்மா கேட்டிருந்தார். கடைக்காரரும் கொடுத்தார். எழுத்தைப் பற்றி இவர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். பெட்டியைப் பிரித்துவிட்டதால் திரும்ப எடுக்கவும் மறுத்துவிட்டார். குறைந்த விலைக்கு வாங்கியவருக்கு கார்டு செலவும் சேர்ந்துகொண்டது.

“ஒரே கம்பெனியில் வாங்கினால் எல்லாம் பொருந்தும்” என்று சிலர் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். 28 இஞ்ச் சைக்கிள் சக்கரத்துக்கு 22 இஞ்ச் டயரை மாட்ட முடியுமா? கம்பெனி ஒன்றாக இருந்தாலும் அளவு ஒத்துவர வேண்டும் அல்லவா?

எல்லாப் பாகங்களையும் தாங்குவது மதர்போர்டு. அதில் பிராசஸர் உட்காரும் இடத்துக்கு சாக்கெட் என்று பெயர். ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 சாக்கெட் 2016-இல் வந்தது. ஏ.எம்.5 2022-இல் வந்தது. ஒன்றுக்கான பிராசஸர் மற்றதில் உட்காராது. இன்டெல்லிலும் எல்.ஜி.ஏ. 1700 வேறு, எல்.ஜி.ஏ. 1851 வேறு. அழுத்தி மாட்டப் பார்க்கக் கூடாது. உள்ளே இருக்கும் ஊசிகள் முடி போல மெல்லியவை. வளைந்தால் போர்டே வீண்.

சாக்கெட் சரியாக இருந்தும் சில சமயம் கம்ப்யூட்டர் ஓடாது. போர்டுக்குள் ‘பயாஸ்’ என்ற தொடக்கக் கட்டளைத் தொகுப்பு இருக்கிறது. போர்டு பழையதாக இருந்தால், பின்னால் வந்த பிராசஸரை அதற்கு அடையாளம் தெரியாது. “இந்த பிராசஸருக்கு பயாஸ் புதுப்பித்திருக்கிறதா?” என்று கேட்க வேண்டும்.

அடுத்தது மெமரி. டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 இரண்டும் ஒரே நீளம்தான். ஆனால் அடியில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றது இறங்காது. எல்.ஜி.ஏ. 1700 போர்டுகளில் டி.டி.ஆர்.4 போடுபவையும் உண்டு, டி.டி.ஆர்.5 போடுபவையும் உண்டு. போர்டின் பெட்டியில் அது அச்சிட்டிருக்கும்.

பழைய மானிட்டரையே வைத்துக்கொள்பவர்கள் அதன் கேபிள் வாயைப் பார்க்க வேண்டும். அதில் வி.ஜி.ஏ. மட்டும் இருந்தால், புதிய போர்டின் பின்பக்கமும் வி.ஜி.ஏ. வேண்டும். மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் ஆக மலிவாக வாங்க வேண்டாம். அது கெட்டால் மற்ற பாகங்களையும் கெடுத்துவிடலாம்.

இத்தனை பெயர்களை யார் நினைவில் வைப்பது? வைக்க வேண்டாம். பணம் கொடுக்கும் முன் எல்லாப் பாகங்களின் முழுப் பெயரையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். தெரிந்தவர் ஒருவரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள். பிறகு பெட்டியையும் தாளையும் பக்கத்தில் வைத்து, எழுத்துக்கு எழுத்து, எண்ணுக்கு எண் ஒப்பிடுங்கள். இங்கிலீஷ் தெரியாதவரும் இதைச் செய்யலாம். பஸ் எண் பார்ப்பது போலத்தான். எண்ணுக்குப் பின்னால் கூடுதலாக ஒரு எழுத்து ஒட்டியிருந்தால், சீலைப் பிரிக்காமல் அது என்ன என்று கேளுங்கள்.

பிராசஸர், போர்டு, மெமரி மூன்றையும் ஒரே கடையில் வாங்குவது நல்லது. அங்கேயே மாட்டி, திரையில் படம் வருவதைக் காட்டச் சொல்லலாம். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண்ணும் இருக்கட்டும். வாரண்டிக்குப் போகும்போது அந்த எண்ணைத்தான் கேட்பார்கள்.