மாற்றத்துக்குப் பாடசாலை தயாரா?

கண்டியிலிருந்து கொழும்பு வீதியில் பேராதனையைத் தாண்டினால் பிலிமத்தலாவை. யட்டிநுவரப் பகுதியைச் சேர்ந்த இந்த ஊரின் சுற்றுவட்டாரத்தில் சிங்கள மொழிமூலப் பாடசாலைகளும் தமிழ் மொழிமூலப் பாடசாலைகளும் அருகருகே இயங்குகின்றன. 1972, 1997 ஆண்டுகளின் கல்விச் சீர்திருத்தங்கள் இரு மொழிமூலங்களுக்கும் பொதுவாகவே வந்தன. ஆனால் சுற்றறிக்கை வந்து சேர்ந்துவிட்டதாலேயே பாடசாலை தயாராகிவிடுவதில்லை. அந்தத் தயார்நிலையை அளக்க முடியும், அளக்கவும் வேண்டும். எனினும் பிறமொழி வினாக்கொத்தை அப்படியே தமிழாக்கி ஆசிரியர்களிடம் நீட்டுவது அளவீடு ஆகாது.

அமெரிக்க ஆய்வாளர் பிரையன் வைனர் 2009இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, தயார்நிலை தனி ஆசிரியரின் மனநிலை அன்று. நிறுவனம் முழுவதும் பகிர்ந்துகொள்ளும் ஒன்று. செய்தே தீருவோம் என்ற உறுதியும், நம்மால் முடியும் என்ற நம்பிக்கையும் அதன் இரு பகுதிகள். இதையொட்டி 2014இல் வெளியான 12 கூற்றுகள் கொண்ட அளவுகோல் சுகாதாரத் துறைக்காக உருவானது. அதன் கூற்றுகள் ‘நான்’ என்று தொடங்குவதில்லை. ‘இங்கு பணியாற்றுபவர்கள்’ என்றே பேசுகின்றன. தமிழில் இதை ‘நான் உறுதியாக இருக்கிறேன்’ என்று மாற்றினால் அளக்கப்படும் பொருளே மாறிவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. மூலத்தில் தனித்தனியாக நிற்கும் இரு கூற்றுகள் தமிழில் ‘உறுதி’ என்ற ஒரே சொல்லில் முடிந்தால், ஆசிரியர் ஒரே கேள்விக்கு இரண்டு முறை பதில் சொல்கிறார். அப்போது நம்பகத்தன்மையைக் காட்டும் கிரோன்பாக் அல்பா உயரும். அந்த உயர்வைத் தரச் சான்றாகக் காட்டுவது பெரும் பிழை.

தமிழ் வடிவத்தை மீண்டும் மூலமொழிக்கு மாற்றி ஒப்பிடும் மீள்மொழிபெயர்ப்பு இத்தகைய பிழைகளைப் பிடித்துவிடாதா? 1970இல் ரிச்சர்ட் பிரிஸ்லின் விளக்கிய அந்த முறை பயனுள்ளது. ஆனால் சொல் பொருந்தியதா என்பதைத்தான் அது முக்கியமாகக் காட்டும். வாசிப்பவர் என்ன விளங்கிக்கொண்டார் என்பதை அறிய, சில ஆசிரியர்களிடம் ஒவ்வொரு கூற்றையும் வாசிக்கக் கொடுத்து, தம் சொற்களில் விளக்கும்படி கேட்க வேண்டும். ‘இங்கு பணியாற்றுபவர்கள்’ என்பதில் அதிபரும் அடங்குவாரா, அலுவலக உதவியாளரும் அடங்குவாரா என்பது அப்போதுதான் வெளிப்படும். சிங்கள வடிவமும் தமிழ் வடிவமும் ஒரே பொருளை அளக்கின்றன என்று காட்டாமல் இரு மொழிமூலப் பாடசாலைகளின் புள்ளிகளை ஒப்பிடுவதும் தகாது.

மொழிபெயர்ப்பு சரியாக அமைந்தாலும் சராசரி மட்டும் போதாது. ஒரு கூற்றுக்குப் பத்து ஆசிரியர்களில் ஐவர் 5 புள்ளியும் ஐவர் 1 புள்ளியும் இட்டாலும், பத்துப் பேரும் 3 இட்டாலும் சராசரி 3தான். முதலாவது பிளவுபட்ட பாடசாலை. இரண்டாவது தயங்கும் பாடசாலை. இரண்டுக்கும் ஒரே பயிற்சிப் பட்டறை உதவாது. ஆகவே சராசரியோடு கருத்து ஒற்றுமையின் அளவையும் கணிக்க வேண்டும்.

அதிகாரிகளுக்குப் பிடித்த பதிலையே ஆசிரியர்கள் இடுவார்கள் என்ற ஆட்சேபம் நியாயமானது. பெயர் எழுதும் தாளை அதிபரே சேகரித்தால் அப்படித்தான் நடக்கும். அதற்காக அளவீட்டையே கைவிடத் தேவையில்லை. பெயரில்லாத் தாள்களை வெளியார் ஒருவர் சேகரிக்கட்டும். வலயக் கல்வி அலுவலகங்கள் முடிவுகளைத் தரவரிசைப் பட்டியலாக்காமல், முதலில் அந்தந்தப் பாடசாலையின் ஆசிரியர் கூட்டத்துக்கே கொடுக்க வேண்டும்.