டொல்பினும் உப்புக் காற்றும்

மட்டக்களப்பின் கல்லடியில் பழைய வான் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் எஞ்சினைத்தான் முதலில் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுவார்கள். விஷயம் தெரிந்தவர் கதவைத் திறந்து, ஓரத்து றப்பரை இழுத்துப் பார்ப்பார். பிறகு சில்லுக்கு மேலுள்ள வளைவை விரலால் தட்டுவார். கணீரென்றால் தகடு. பொத்தென்றால் உள்ளே கறள், மேலே பட்டி.

படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டியோடு வரும் மோட்டார்ஹோமை நம் தெருக்களில் காண்பது அரிது. 'கரவன்' என்றால்கூட நமக்கு நிசான் வான்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த வேலையைச் செய்கிற வண்டி நம்மிடம் உண்டு. ஆடி மாதம் பாய், பானை, எரிவாயு அடுப்பு, அரிசி எல்லாம் ஏற்றிக்கொண்டு பொத்துவில், மொனராகலை, புத்தல வழியாகக் கதிர்காமம் போகிற ஹைஏஸ்தான் அது. மர நிழலில் நிறுத்திச் சமைத்து, இருக்கையைச் சாய்த்து உறங்கி, இரண்டு மூன்று நாள் குடும்பமே அதில் வாழும். ஜப்பானிலும் அவுஸ்திரேலியாவிலும் இதே வானுக்குள் கட்டில் அடித்து நிரந்தரமான வீட்டு வண்டியாக்கிக்கொள்கிறார்கள்.

டொயோட்டா 1967இல் தொடங்கிய ஹைஏஸ் வரிசை இது. இலங்கையர் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு பெயர் வைத்தார்கள்: ஷெல், அடுத்து 1989இல் வந்த டொல்பின், 2004க்குப் பின் கேடிஎச். டொல்பினில் நாம் அதிகம் காணும் '3எல்' டீசல் எஞ்சின் 2779 கனசென்ரிமீற்றர் கொள்ளளவு கொண்டது. எரிபொருளை அளந்து தள்ளும் பம்ப் முழுக்க இயந்திர முறையில் இயங்குகிறது, கணினி கிடையாது. டைமிங் பெல்ற்றை 1,00,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றி, எண்ணெயையும் நேரத்துக்கு மாற்றினால் அது சலிக்காமல் ஓடும். பழுதானாலும் ஊர்க் கராஜிலேயே பிரித்துப் பூட்டலாம். கேடிஎச் வலுவும் சிக்கனமும் கூடியது. ஆனால் அதன் உயர் அழுத்த இன்ஜெக்டர்கள் அழுக்கு டீசலைப் பொறுக்காது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடமும், இருக்கிற வானைக் காப்பாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. டொல்பின் எவ்வளவு காலம் உழைக்கும் என்பதை நாடு முழுவதும் அப்போது கண்டது. வாவிக் கரையில் மட்டும் கணக்கு வேறு. இங்கே எஞ்சினுக்கு முன்பே வண்டியின் பொடி செத்துவிடுகிறது.

காரணம் உப்பு. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளைக் காற்று ஏந்தி வருகிறது. மட்டக்களப்பில் மேற்கே வாவி, கிழக்கே கடல். கல்லடியும் நாவற்குடாவும் இரண்டுக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணல் திட்டு. கச்சான் தரையிலிருந்து வீசும் வறண்ட காற்று, அது அவ்வளவு கெடுதி செய்யாது. வாடை கடலிலிருந்து நேராக வருகிறது. அது கொண்டுவரும் உப்பு தகட்டில் படிவதோடு நிற்பதில்லை. காற்றின் ஈரப்பதன் ஏறக்குறைய 75 வீதத்தைத் தாண்டியதும் கறியுப்பு தானாகவே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். நம் ஊர் இரவுகள் அந்த அளவை எளிதில் தாண்டும். மழையே பெய்யாவிட்டாலும், முற்றத்தில் நிற்கும் வானின் அடிப்பகுதி இரவிரவாக உப்புநீரில் நனைகிறது என்று அர்த்தம். உப்புக் கரைசல் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். இரும்பின் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு நுண்ணிய மின்னோட்டம் பாய்ந்து உலோகம் அரிக்கப்படுகிறது. கறள் இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் உள்ளிருந்து வீங்கிப் பெயின்ற்றைத் தள்ளும். வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே தகடு ஏற்கனவே மெலிந்துவிட்டது.

ஹைஏஸுக்கு லொறிக்கு இருப்பதுபோல் தனிச் சட்டகம் இல்லை. பொடியே பாரம் தாங்குகிறது. கதவுக்குக் கீழுள்ள பெட்டித் தகடு உளுத்துப்போனால் அழகு மட்டும் கெடுவதில்லை, வண்டியின் முதுகெலும்பும் போகிறது. அதைப் பட்டி பூசி மறைத்து விற்பதை என்னால் மன்னிக்க முடிவதில்லை. பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டி அது. வருடாந்தப் புகைப் பரிசோதனை புகையைத்தான் பார்க்கிறது. கறளை நாம்தான் பார்க்க வேண்டும்.

ஓடாமல் நிற்பதும் கேடுதான். வருடத்தில் சில பயணங்கள் மட்டும் போகும் வானில் பற்றரி இறங்கும், பிரேக் இறுகும். தேயாத ரயரும் முதுமை அடையும். அதன் பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கங்கள் '2319' என்றிருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பட்டன் ஆழமாக இருக்கிறதே என்று நம்பி அதில் கதிர்காமம் போகக்கூடாது.

பாசிக்குடா போய் வந்த அன்றே அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். ஆனால் கரையோரக் கிணறுகள் பல உவர். அந்த நீரில் கழுவினால் உப்பை உப்பால் கழுவியதாகும். குழாய் நீர் வேண்டும். பழைய எஞ்சின் எண்ணெயை அடியில் அடிக்கும் வழக்கத்தை விடுவது நல்லது. அது றப்பர் புஷ்களை ஊதவைக்கும், மழையில் வடிந்து கிணற்றுக்கும் வாவிக்கும் போகும். கறள்தடுப்பு மெழுகு விலை கூடியதுதான், ஆனாலும் பெட்டித் தகட்டின் உட்புறம் வரை ஊறிப் பிடிக்கும். இன்னொரு வேலைக்குக் காசே வேண்டாம். கதவுகளின் அடி விளிம்பில் மழைநீர் வடியச் சிறு துளைகள் உண்டு. மணல் அவற்றை அடைத்துவிடும். ஐப்பசியில் வாடை தொடங்குமுன் ஒரு சைக்கிள் கம்பியால் ஒவ்வொன்றாகக் குத்தித் திறந்துவிடுங்கள்.