எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச்

கெடாவின் பெண்டாங் நெல்லுக்குப் பேர்போன வட்டாரம். ஒருபக்கம் மூடா நீர்ப்பாசனத் திட்டத்து வயல்கள், மறுபக்கம் ரப்பரும் செம்பனையும். இந்தப் பக்கத்துத் தோட்டத்து மாரியம்மன் கோயில் எதை எடுத்துக்கொண்டாலும், செயலாளர் வீட்டிலோ பொருளாளர் வீட்டிலோ ஒரு பழைய கணினி இருக்கும். பதினைந்து, இருபது வருடத் திருவிழா அழைப்பிதழ்கள், உபயகாரர் பட்டியல், பொதுக்கூட்டக் குறிப்புகள் எல்லாம் அதற்குள்தான். ஒருநாள் அது படுத்துவிடும். கோப்புகளைப் பெண்டிரைவில் ஏற்றிப் புது மடிக்கணினியில் திறந்தால் தமிழைக் காணோம். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகப் பக்கம் நிறைந்திருக்கும். “வைரஸ் பிடிச்சிருச்சு” என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். வைரஸும் இல்லை, கோப்பு கெடவும் இல்லை.

கணினி எழுத்தைச் சேமிப்பதில்லை, எண்ணைச் சேமிக்கிறது. எந்த எண்ணுக்கு எந்த வடிவத்தைக் காட்டுவது என்பதை எழுத்துரு பார்த்துக்கொள்ளும். தமிழுக்கென்று தனி எண்கள் புழக்கத்துக்கு வராத காலத்தில், ஆங்கிலத்துக்கு ஒதுக்கிய எண்களின் மேலேயே தமிழ் வடிவங்களை வரைந்து ஒட்டினார்கள். தமிழர் போன இடமெல்லாம் கூடவே போன பாமினி எழுத்துரு அப்படிப்பட்டதுதான். அதில் ‘அம்மா’ என்று அடித்தால் கோப்புக்குள் பதிவது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்ற ஐந்து குறிகள். பாமினி இருக்கிற கணினியில் அது அம்மா. இல்லாத கணினியில் வேஷம் கலைந்த கூத்தாடி. ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு எண்வரிசை என்று இருந்ததால், ஒரு கணினியில் அடித்ததை இன்னொன்றில் படிக்கத் தனி சாமர்த்தியம் வேண்டியிருந்தது.

இந்தக் கதையில் மலேசியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. கேரித் தீவில் பிறந்த முத்து நெடுமாறன் 1985இல் ‘முரசு’ மென்பொருளைத் தொடங்கினார். பிறகு வந்த ‘முரசு அஞ்சல்’ நம் பத்திரிகை அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் வீடுகளிலும் புகுந்தது. அவருடைய ‘செல்லினம்’ 2005 பொங்கலின்போது சிங்கப்பூரில் வெளியாகிக் கைப்பேசிக்குத் தமிழைக் கொண்டுபோனது. 2001இல் தமிழ் இணைய மாநாடும் கோலாலம்பூரில் நடந்தது. ஆகவே கெடாவில் கிடைக்கும் பழைய கோப்பு முரசு எழுத்துருவில் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். முதலில் அதைச் சோதியுங்கள், அப்புறம் பாமினி.

இப்போது எல்லாரும் ஒத்துக்கொண்டிருப்பது யூனிகோடு. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் கொடுத்திருக்கிறார்கள். தமிழுக்கு 2944 முதல் 3071 வரை. அ என்றால் 2949, க என்றால் 2965. எந்தக் கணினி, எந்தக் கைப்பேசி, எந்த எழுத்துரு என்றாலும் இது மாறாது. ‘கொ’வைப் பாருங்கள். பழைய முறையில் கண்ணுக்குத் தெரிகிற வரிசைப்படி கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு. யூனிகோடில் முதலில் க, அதன்பின் 3018 என்ற ஒரே உயிர்க்குறி. நாம் உச்சரிக்கிற வரிசை இது. அகரவரிசைப்படி அடுக்குவதும் தேடுவதும் கணினிக்குக் கைவந்ததற்கு இந்த வரிசையும் ஒரு காரணம்.

பழைய கோப்பை மீட்கும் வேலைக்கு வருவோம். மூலக் கோப்பைத் தொடாதீர்கள். ஒரு நகல் எடுத்து அதில் வேலை செய்யுங்கள். நகலைத் திறந்து, எழுத்துருப் பெயர் காட்டும் கட்டத்தைப் பார்த்தால் என்ன எழுத்துரு என்று தெரிந்துவிடும். பிறகு பொங்குதமிழ், என்.எச்.எம். மாற்றி போன்ற இலவச மாற்றிகளில் ஒன்றில் பழைய எழுத்துரு வகையைத் தேர்ந்து, பத்தியை ஒட்டினால் யூனிகோடு தமிழ் வந்துவிடும். நம் ஊர் அழைப்பிதழ்களில் ஒரு வில்லங்கம் உண்டு: தமிழுக்கு நடுவே மலாய் முகவரி இருக்கும். மாற்றிக்கு அது மலாய் என்று தெரியாது; ‘ஜாலான்’, ‘தாமான்’ எல்லாவற்றையும் தமிழ் என்று எண்ணி உளறிக்கொட்டிவிடும். முகவரியைத் தனியே எடுத்துவைத்துவிட்டுத் தமிழை மட்டும் மாற்றுங்கள். மாற்றி முடித்ததும் ஒருமுறை படித்துப் பாருங்கள். காலுக்குப் பதில் ர, ‘ஔ’வுக்குப் பதில் ஒ-வும் ள-வும் என்று அங்கங்கே நின்றுகொண்டிருக்கும்.

கோப்பே இல்லை, அச்சடித்த தாள்தான் இருக்கிறது என்றாலும் வழி உண்டு. தாளை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் படத்திலிருந்து தமிழை எழுத்தாகப் பிரித்துக் கொடுத்துவிடும். பிழை இருக்கும், ஆனாலும் புதிதாக அடிப்பதைவிட லேசு.

அடிக்கத்தான் வேண்டுமென்றால் காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. புதிய விண்டோஸில் மொழி அமைப்புக்குப் போய்த் தமிழைச் சேர்த்தால் தமிழ் 99, அஞ்சல் விசைப்பலகைகள் இரண்டும் கிடைக்கும். ஆப்பிளிலும் அப்படியே. ஆங்கில எழுத்தில் அடித்துப் பழகியவர்கள் அஞ்சலைத்தான் விரும்புவார்கள். என் ஓட்டு தமிழ் 99க்கு. அதில் இடது கைப்பக்கம் உயிர், வலது கைப்பக்கம் பெரும்பாலும் மெய். ‘அம்மா’ என்றால் அ, ம, ம, ஆ என்று நாலே தட்டு. ஒரே மெய் இரண்டுமுறை வந்தால் முதலாவதுக்குப் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். ‘பெண்டாங்’ என்ற பேரில் ண-வுக்குப் பின் ட வந்தாலும் அப்படித்தான். கடைசி ங-வுக்கு மட்டும் புள்ளியை நாம் அடிக்க வேண்டும். வயசானவர்கள் சீக்கிரம் பழகிக்கொள்வதும் இதைத்தான், ஆங்கிலம் வழியாகச் சுற்றிவர வேண்டியதில்லையே.

லிப்ரே ஆபிஸ் இலவசம், வீட்டு வேலைக்குத் தாராளமாகப் போதும். ஆனால் அதில் எழுத்தின் அளவைக் கூட்டினால் சிலசமயம் ஆங்கிலம் மட்டும் பெருத்துத் தமிழ் அப்படியே கிடக்கும். தமிழுக்கு அதில் தனி அமைப்பு. எழுத்து அமைப்புப் பெட்டியில் சிக்கலான எழுத்துகளுக்கான பகுதிக்குப் போய் மாற்ற வேண்டும். அச்சகத்துக்கு அனுப்பும்போது பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் எழுத்துருவும் உள்ளேயே போய்விடும், அங்கே போய்த் தமிழ் சிதறாது. உபயகாரர் பெயர்களை மாற்றி மாற்றி ஒட்டுகிறவர்களுக்கு விண்டோஸ் விசையும் வி-யும் வரப்பிரசாதம்: ஒருமுறை இயக்கிவிட்டால், கடைசியாக நகலெடுத்தவற்றையெல்லாம் பட்டியலாகக் காட்டும். கணினியை ‘வேகமாக்கும்’ மென்பொருள் என்று கடைக்காரர் எதையாவது நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வைரஸ் தடுப்பு விண்டோஸோடு வருவதே சாதாரண வீட்டுக்குப் போதும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு மட்டும் 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, அதைக் கவனியுங்கள்.

இன்னொன்று இடி. உலகிலேயே மின்னல் அதிகம் விழும் நாடுகளில் மலேசியாவும் ஒன்று. சாயங்காலம் மேகம் கறுத்தால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள். இணைய மோடத்தின் கம்பியையும் சேர்த்து. அந்த வழியாகவும் மின்னல் உள்ளே வரும். மாற்றி முடித்த கோப்புகளின் ஒரு பிரதி பெண்டிரைவில், இன்னொன்று கூகுள் டிரைவில், மூன்றாவது வேறொரு நிர்வாகஸ்தர் வீட்டில்.