தகரப் பெட்டியில் இருக்கும் பழைய கடுதாசிகள்

பிள்ளைக்கு 15 வயது முடிந்ததும் அடையாள அட்டைக்கு எழுதிப் போட வேண்டும். அன்றைக்குத்தான் பல லயங்களில் தகரப் பெட்டி கீழே இறங்குகிறது. உள்ளே தாத்தாவின் பிரஜாவுரிமைப் பத்திரம் ஒன்று, கரையான் அரித்த இந்தியப் பாஸ்போட் ஒன்று. அப்பாவின் பேர் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் செக்ரோலில் வேறு விதமாகவும் இருக்கும். “இதுல எதுங்க செல்லும்?” என்று கேட்டு நம்மிடம் வருகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அதனால் இம்முறை இதைப் பற்றியே கொஞ்சம் விபரமாகப் பேசுவோம்.

இந்தக் கடுதாசிகள் ஏன் வந்தன என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் முன்னோர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. பின் 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவு. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் இரண்டு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. ஆளைக் கேட்காமல் ஆளைப் பங்கு போட்ட கணக்கு அது. அண்ணன் இந்தியாவுக்கும் தம்பி இலங்கைக்கும் என்று எழுதிக்கொடுத்த குடும்பங்கள் எத்தனையோ. இந்தியப் பாஸ்போட் எடுத்தவர்களிலும் எல்லோரும் போய்ச் சேரவில்லை. 1984இல் தலைமன்னார் கப்பல் நின்று போக, பாஸ்போட்டைக் கையில் வைத்துக்கொண்டே கொழுந்தெடுக்கப் போனார்கள்.

இந்தச் சிக்கலுக்கு முடிவு கட்டியது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். 1964 ஒக்டோபர் 30 தொடக்கம் இலங்கையில் நிரந்தரமாக இருந்துவரும் இந்திய வம்சாவளியினரும், இங்கே வசிக்கும் அவர்களுடைய சந்ததியினரும் இலங்கைப் பிரஜைகள். இந்தியப் பாஸ்போட் எடுத்துவிட்டுப் போகாமல் நின்றவர்கள் விசேட பிரகடனம் ஒன்றைக் கொடுத்துப் பிரஜாவுரிமை பெறலாம் என்றும் அது சொன்னது. ஆகவே தாத்தாவின் பாஸ்போட்டைக் கண்டு பயந்து அடுப்பில் போட வேண்டாம். தாத்தா அந்த ஒப்பந்தக் காலத்து ஆள் என்பதற்கு அதுவே சாட்சி. அவர் பிரகடனம் கொடுத்திருந்தால் இரண்டையும் சேர்த்துக் கட்டி வையுங்கள். பழைய பள்ளிக்கூட இடாப்பு, தோட்டத்துப் பதிவு, பிரசவப் பதிவு போன்றவையும் 1964க்கு முன்பிருந்தே குடும்பம் இங்கே இருந்ததைக் காட்ட உதவும்.

ஆனால் உண்மையில் நம் மக்களை இன்று அதிகம் அலைய வைப்பது சட்டமல்ல, பேர்தான். பிறப்புச் சான்றிதழில் முத்துலெட்சுமி, செக்ரோலில் லெட்சுமி, கலியாணப் பத்திரத்தில் சிங்களத்தில் எழுதியவர் காதில் விழுந்தபடி இன்னொன்று. வேலையில் இருக்கும் வரை யாரும் கேட்பதில்லை. சேமலாப நிதிக் காசை எடுக்கப் போகும்போது, “இது நீங்க தானா?” என்று கேட்பார்கள். நாங்கள் அறிந்த ஒரு தாய், முப்பது வருசம் உழைத்த காசுக்காக ஒரு எழுத்து வித்தியாசத்தால் ஏறி இறங்கினார். போன ஒவ்வொரு நாளும் ஒரு நாள் பேர் போனது. இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்த பிறகுதான் காரியம் நடந்தது. இதை வேலையில் இருக்கும்போதே செய்யலாம். பிறப்புப் பதிவிலேயே பிழையென்றால் பிரதேச செயலகத்தில் இருக்கும் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போக வேண்டும்.

பிறப்பையே பதியாத பிள்ளைகளும் உண்டு. 42 நாட்களுக்குள் பதிவது சுலபம். மூன்று மாதம் தாண்டினால் காலங்கடந்த பதிவு என்று தனி விண்ணப்பமும் சத்தியக் கடதாசியும் சாட்சிகளும் வேண்டும். கஷ்டம்தான், ஆனாலும் முடியாததல்ல. பிள்ளை ஓ.எல். பரீட்சைக்கு உட்காரும் வருசத்தில் இதைத் தொடங்காதீர்கள்.

வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு சொல். அங்கே பிள்ளை பிறந்தால் ஒரு வருடத்துக்குள் இலங்கைத் தூதரகத்தில் பதிய வேண்டும். பிந்தினால் அமைச்சரின் அனுமதி கேட்க வேண்டி வரும். 2003இல் வந்த 16ஆம் இலக்கத் திருத்தத்துக்குப் பிறகு தகப்பனைப் போலவே தாயின் பிரஜாவுரிமையும் பிள்ளைக்குச் செல்லும். தகப்பன் வேறு நாட்டவர் என்பதற்காகத் தாய் ஒதுங்கி நிற்கத் தேவையில்லை. யுத்தக் காலத்தில் இந்தியாவுக்கு அகதியாகப் போன இந்திய வம்சாவளியினர், தொடர்ந்து இங்கே இருக்கவில்லை என்ற காரணத்தால் உரிமை இழக்காதபடி 2009இல் சட்டம் திருத்தப்பட்டது. மண்டபம் முகாமிலோ வேறு முகாமிலோ சொந்தக்காரர் இருந்தால் இந்தச் செய்தியைச் சொல்லி அனுப்புங்கள்.

அடையாள அட்டை விண்ணப்பத்தைத் தோட்டத்தில் இருப்பவர்கள் துரையிடமும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதிபரிடமும் காட்டி அத்தாட்சிப்படுத்தலாம். “ஐயாயிரம் குடுங்க, எல்லாம் நான் பாக்குறேன்” என்று பஸ் ஸ்டாண்டில் நிற்கும் தரகரிடம் மூலப் பத்திரத்தை ஒப்படைக்க வேண்டாம். போட்டோ கொப்பி மட்டும் கொடுங்கள். எந்தப் பத்திரம் குறைகிறதென்று தெரியாவிட்டால் பெட்டியோடு நம் நலன்புரி உத்தியோகத்தரிடம் வாருங்கள், உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.