முன்வாசல் வழியாக: மவுண்ட் பாயு என்னும் சிற்றூரின் கதை



மருத்துவமனையின் முன்வாசல் வழியாக உள்ளே செல்வது நமக்கு ஒரு பெரிய காரியமாகத் தோன்றாது. ஆனால் 1940-ஆம் ஆண்டுவாக்கில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வாழ்ந்த கறுப்பின மக்களுக்கு அது எளிதில் கிடைக்காத ஒன்று. பல மருத்துவமனைகள் அவர்களைச் சேர்க்கவே இல்லை. சேர்த்தவையும் பெரும்பாலும் பின்வாசல் வழியாக அழைத்து, கீழ்த்தளத்தில் தனியாக ஒதுக்கிய சில படுக்கைகளைக் கொடுத்தன. அப்படிப்பட்ட காலத்தில், மிசிசிப்பி மாநிலத்திலுள்ள ஒரு சிற்றூரில், பருத்தி பறித்த ஏழைகள் தங்கள் கைக்காசைச் சேர்த்துத் தங்களுக்கென்று ஒரு மருத்துவமனை கட்டினார்கள். அந்த ஊரின் பெயர் மவுண்ட் பாயு. மேடும் ஓடையும் என்பதே அப்பெயரின் பொருள். சுமார் 1,500 பேர் மட்டுமே வாழும் அந்த ஊரின் வரலாறு, மருத்துவப் பணியைத் தாங்கும் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது.

காட்டை அழித்து எழுந்த ஊர்

மவுண்ட் பாயு 1887-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நிறுவப்பட்டது. நிறுவியவர்கள் ஐசாயா மான்ட்கோமரி, அவருடைய உறவினர் பெஞ்சமின் கிரீன் என்னும் இருவர். மான்ட்கோமரி அடிமையாகப் பிறந்தவர். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் கூட்டரசின் தலைவர் ஜெபர்சன் டேவிஸின் அண்ணனுக்குச் சொந்தமான தோட்டத்தில் வளர்ந்தவர். 1865-இல் உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை கிடைத்தது. ஆனால் நிலம் கிடைக்கவில்லை. விடுதலை பெற்ற பெரும்பாலோர் பழைய எஜமானரின் வயலிலேயே வாரத்துக்குப் பயிரிட்டுக் கடனில் மூழ்கினார்கள்.

அச்சமயத்தில் ஒரு ரயில் கம்பெனி, தன் பாதையை ஒட்டிய சதுப்புக் காட்டில் குடியேற ஆட்களைத் தேடியது. மலேரியாவுக்குப் பயந்து வெள்ளையர் அங்கே வரத் தயங்கினர். மான்ட்கோமரி துணிந்தார். முதலில் வந்த குடும்பங்கள் காட்டை வெட்டி, மரத்தை விற்றுப் பிழைத்து, பிறகு பருத்தி பயிரிட்டன. சொந்த நிலம், சொந்தப் பள்ளிக்கூடம், சொந்த ஆலயங்கள், சொந்த மேயர் என்று ஊர் எழும்பியது. 1904-இல் சார்லஸ் பேங்க்ஸ் என்பவர் அங்கே வங்கி ஒன்றைத் தொடங்கினார். பருத்திக்கொட்டை எண்ணெய் ஆலையும் வந்தது. ஆயினும் முதல் உலகப் போருக்குப் பின் பருத்தி விலை சரிந்தபோது ஊரும் நொடித்தது. 1941-இல் ஏற்பட்ட தீ விபத்து கடைத்தெருவின் பெரும்பகுதியை அழித்தது.

மாதம் எழுபது சென்ட்

அந்தத் தீ விபத்துக்கு அடுத்த ஆண்டு, 1942 பிப்ரவரி 12-ஆம் நாள், அதே ஊரில் தாபோரியன் மருத்துவமனை திறக்கப்பட்டது. வேதாகமத்தில் வரும் தாபோர் மலையின் பெயரைத் தாங்கிய ஒரு கறுப்பினச் சகோதர சங்கமே அதைக் கட்டியது. சங்கத்தின் மிசிசிப்பி மாநிலத் தலைவர் பெர்ரி ஸ்மித், மருத்துவமனை நிதிக்காகப் பல ஆண்டுகள் உழைத்தார். உறுப்பினர்களில் மிகுதியானோர் வாரக் குடியானவர்களும் வயல் கூலிகளுமே. அவர்கள் சேர்த்த பணம் 1,00,000 டாலருக்கு மேற்பட்ட கட்டடமாக எழுந்து நின்றது. 42 படுக்கைகள், அறுவைச் சிகிச்சை அறைகள், எக்ஸ்ரே கருவி எல்லாம் அதில் இருந்தன. மருத்துவர்களும் செவிலியர்களும் கறுப்பினத்தவரே. தலைமை அறுவை மருத்துவர் டி. ஆர். எம். ஹோவர்ட்.

இதற்கு அவர்கள் கொடுத்தது என்ன? பெரியவர் ஒருவருக்கு ஆண்டுச் சந்தா 8 டாலர் 40 சென்ட், அதாவது மாதம் 70 சென்ட். அதற்கு ஈடாக ஆண்டில் 31 நாள் வரை மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறலாம். அறுவைச் சிகிச்சையும் அதில் அடங்கும். எல்லோரும் ஒரே ஆண்டில் நோயாளியாவதில்லை. சுகமாயிருப்பவரின் சந்தா நோயுற்றவரின் செலவைச் சுமக்கிறது. சிறு தொகை பெரிய வேலையைச் செய்த இரகசியம் இதுதான். 1940-களின் நடுவில் உறுப்பினர் தொகை 40,000-ஐத் தாண்டியது. நாஷ்வில் நகரிலுள்ள மெஹாரி மருத்துவக் கல்லூரி தன் இளம் மருத்துவர்களை அங்கே பயிற்சிக்கு அனுப்பியது. விடுதலை பெற்ற அடிமைகளுக்காக மெதடிஸ்ட் சபை செய்த ஊழியத்தின் பலனாக 1876-இல் தோன்றிய கல்லூரி அது.

எனினும் இந்த மருத்துவமனைக்கும் சோதனை வந்தது. பருத்தி பறிக்கும் இயந்திரங்கள் பரவியதால் கூலி இழந்த குடும்பங்கள் வடக்கு நகரங்களுக்குப் போய்விட்டன. சந்தா குறைந்தது. 1964-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்துக்கும் 1965-இல் வந்த மெடிகேர் திட்டத்துக்கும் பிறகு மற்ற மருத்துவமனைகளும் கறுப்பினத்தவருக்குத் திறந்தன. இனிய செய்திதான், ஆனால் தாபோரியனுக்கு வரும் நோயாளிகள் குறைந்தனர். அரசின் புதிய விதிகளுக்கு ஏற்பக் கட்டடத்தையும் கருவிகளையும் மாற்றச் சந்தாப் பணம் போதவில்லை. 1967-இல் அது அரசு உதவியுடன் ஊரிலிருந்த மற்றொரு மருத்துவமனையோடு இணைக்கப்பட்டது. உரிமைப் போராளி பேனி லூ ஹேமர் 1977-இல் தம் கடைசி நாட்களைக் கழித்தது அங்கேதான். 1983-இல் அதன் கதவுகள் மூடப்பட்டன.

மருந்துச் சீட்டில் உணவு

ஆனால் ஊரின் மருத்துவப் பணி அத்துடன் முடிந்துவிடவில்லை. டப்ட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் ஜாக் கைகர், மாணவராயிருந்தபோது தென்னாப்பிரிக்காவின் போலேலா என்னும் கிராமப்புறச் சுகாதார மையத்தில் பயின்றவர். நோய்க்கு மருந்து கொடுப்பதுடன், நோயை உண்டாக்கும் சூழலையும் மாற்ற வேண்டும் என்பது அவர் அங்கே கற்ற பாடம். அந்தப் பாடத்தோடு 1967-இல் மவுண்ட் பாயுவில் டெல்டா சுகாதார மையம் தொடங்கப்பட்டது. ஜான் ஹாட்ச் என்பவர் முன்னதாகவே வந்து வீடு வீடாகவும் ஆலயங்களிலும் மக்களோடு பேசினார். உங்களுக்கு என்ன தேவை என்று கேட்டபோது, மருத்துவருக்கு முன்பாக அவர்கள் கேட்டவை உணவும் வேலையும் நல்ல தண்ணீருமே.

மையத்துக்கு வந்த குழந்தைகள் பலர் போஷாக்கின்றி மெலிந்திருந்தார்கள். மருத்துவர்கள் மருந்துச் சீட்டில் பாலும் காய்கறியும் இறைச்சியும் எழுதிக் கொடுத்தார்கள். மளிகைக் கடைக்காரர்கள் பொருளைக் கொடுத்துவிட்டு, விலைப் பட்டியலை மையத்துக்கு அனுப்பினார்கள். மையம் அதை மருந்துக் கணக்கில் எழுதியது. தலைநகரிலிருந்து அதிகாரிகள் ஆட்சேபித்தபோது, பசியால் வந்த நோய்க்கு உணவே மருந்து என்று கைகர் பதிலளித்தார். கிணறுகள் தோண்டப்பட்டன, கழிப்பிடங்கள் கட்டப்பட்டன. பருத்தி விளைந்த மண்ணில் காய்கறி பயிரிட ஒரு கூட்டுறவுப் பண்ணையும் 1968-இல் உருவானது.

அந்தப் பண்ணையை நடத்தியவர்களில் ஒருவர் எல். சி. டார்சி என்ற பெண்மணி. வாரக் குடியானவரின் மகள். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். மறுபடியும் படித்து முனைவர் பட்டம் பெற்ற அவர், 1988-இல் அதே டெல்டா சுகாதார மையத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். எந்த மக்களுக்காக அந்த மையம் தொடங்கப்பட்டதோ, அவர்களில் ஒருவரே அதை நடத்தும் நாள் வந்தது.

அந்த மையம் இன்றும் பணி செய்கிறது. பாஸ்டன் நகரிலும் மவுண்ட் பாயுவிலும் தொடங்கிய அந்த முறை அமெரிக்கா எங்கும் பரவி, இன்று ஏறக்குறைய 1,400 அமைப்புகளாக 3 கோடிக்கும் அதிகமான மக்களுக்குச் சேவை செய்கிறது.

அன்பானவர்களே, மவுண்ட் பாயு நமக்கு இரண்டு காரியங்களைச் சொல்லுகிறது. மாதம் எழுபது சென்ட் தவறாமல் கொடுத்த ஏழைகளால் ஒரு மருத்துவமனையை எழுப்ப முடிந்தது. ஆனால் காலம் மாறியபோது அந்த எழுபது சென்டால் மட்டும் அதைக் காப்பாற்ற முடியவில்லை. பொது நிதியும் மக்களின் பங்கும் சேர்ந்தபோதே பணி தொடர்ந்தது. கட்டடம் ஒரு நாள் மூடப்படலாம். முன்வாசல் வழியாக ஒருமுறை மதிப்போடு உள்ளே சென்ற ஜனங்கள், பின்வாசலுக்குத் திரும்பிப் போகச் சம்மதிப்பதில்லை.