படத்துக்குக் கீழே ஒரு வரி

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தபோது குரலில் பெருமைதான் இருந்தது. "பாப்பா பேரை கூகுள்ல போட்டுப் பார்த்தேன்டி. போட்டோவே வருது!"

லிங்க் அனுப்பினாள். பாப்பா படிக்கும் பள்ளியின் இணையதளம். மூன்று வருடத்துக்கு முந்தைய மாறுவேடப் போட்டி. முண்டாசு கட்டி, மையால் மீசை வரைந்து, பாரதியாராக முறைத்துக்கொண்டு நிற்கிறாள் பாப்பா. படத்துக்குக் கீழே அவளுடைய முழுப்பெயர், யு.கே.ஜி. 'பி' பிரிவு, அப்பா பெயர், ஊர்.

"அழகா இருக்காள்ல?"

அழகாகத்தான் இருந்தாள். எனக்கு உறுத்தியது அந்த ஒரு வரி. ஏன் என்று அக்காவுக்குப் புரியவைக்க முக்கால் மணி நேரம் ஆனது. உங்கள் வீட்டிலும் ஒரு பாப்பா இருக்கலாம் என்பதால் அதையே இங்கே எழுதுகிறேன்.

இணையப் பக்கங்களைப் படிப்பவர்கள் மனிதர்கள் மட்டுமல்ல. ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு லிங்க் பிடித்துத் தாவிக்கொண்டே போகும் மென்பொருள்கள் இருக்கின்றன. கூகுள் தேடல் வேலை செய்வதே அப்படித்தான். அமெரிக்காவில் 'காமன் க்ரால்' என்று லாபநோக்கமற்ற ஓர் அமைப்பு இருக்கிறது. 2007-ல் தொடங்கப்பட்டது. கோடிக்கணக்கான இணையப் பக்கங்களைப் பிரதியெடுத்து, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று வைத்திருக்கிறது. ஆராய்ச்சியாளர்களுக்கு அது பெரிய புதையல்.

நாம் பார்க்கும் இணையப் பக்கத்துக்குப் பின்னால் வெறும் எழுத்துகள்தான் இருக்கின்றன. ஒரு படம் வரவேண்டிய இடத்தில் அந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற முகவரி இருக்கும். கூடவே 'ஆல்ட்' என்ற பெயரில் படத்தைப் பற்றிய சிறு விளக்கமும் இருக்கும். நம் கண்ணுக்கு அது பெரும்பாலும் தெரியாது. படம் திறக்காவிட்டால் அதற்குப் பதிலாகக் காட்டவும், முக்கியமாகப் பார்வையற்றவர்களின் போனில் உள்ள மென்பொருள் வாய்விட்டுப் படித்துக்காட்டவும் வைத்த ஏற்பாடு அது. 'குளக்கரையில் கோலம் போடும் பாட்டி' என்று ஒருவர் மெனக்கெட்டு எழுதி வைத்தால், பார்க்க முடியாதவருக்கும் அந்தப் பாட்டி தெரிவார். கருணையோடு செய்த ஏற்பாடு.

செயற்கை நுண்ணறிவுக்காரர்களின் கண் அதில் விழுந்தது. கணினிக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுக்க வேண்டுமென்றால் படமும் வேண்டும், அதில் என்ன இருக்கிறது என்ற வரியும் வேண்டும். ஆள் வைத்து எழுதினால் கட்டுப்படியாகாது. உலகம் முழுக்க மக்கள் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார்களே! ஜெர்மனியைச் சேர்ந்த 'லையான்' என்ற லாபநோக்கமற்ற அமைப்பு, காமன் க்ராலின் கிடங்கிலிருந்து படத்தின் முகவரியையும் அதன் ஆல்ட் வரியையும் ஜோடி ஜோடியாக உருவியது. வரி மிகச் சிறியதாக இருந்தாலோ, படம் பொடியாக இருந்தாலோ ஒதுக்கியது. மிச்சமிருந்ததில் படமும் வரியும் பொருந்துகிறதா என்று இன்னொரு மென்பொருளை வைத்துச் சலித்தது. 2022 மார்ச்சில் வெளியான அந்தத் தொகுப்பில் 585 கோடி ஜோடிகள். அதே வருடம் வந்து எல்லோரையும் வாய்பிளக்க வைத்த 'ஸ்டேபிள் டிஃப்யூஷன்' படம் வரையப் பழகியது இந்தத் தொகுப்பின் பகுதிகளில்தான்.

"அதுக்கும் நம்ம பாப்பாவுக்கும் என்னடி சம்பந்தம்?" என்றாள் அக்கா.

2024-ல் 'ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்' அமைப்பு இந்தத் தொகுப்பில் ஒரு சிட்டிகை அளவை, அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவானதை, எடுத்துப் பார்த்தது. அதிலேயே பிரேசில் நாட்டுக் குழந்தைகளின் படங்கள் 170 கிடைத்தன. பிறகு தேடியதில் ஆஸ்திரேலியக் குழந்தைகளின் படங்கள் 190. ஒரு படத்தில் இரண்டு வயதுச் சிறுமி, அப்போதுதான் பிறந்த தங்கையின் விரல்களைத் தொட்டுப் பார்க்கிறாள். கூடவே இருந்த வரியில் இரண்டு பேரின் பெயர்களும், எந்த மருத்துவமனை என்பதும் இருந்தன. ஆஸ்திரேலியாவில் மூன்று, நான்கு வயதுப் பையன்கள் இருவர் தூரிகையோடு நிற்கும் படத்தில் முழுப்பெயர், வயது, பெர்த் நகரில் எந்த மழலையர் பள்ளி என்பது வரை. பெரும்பாலும் பெற்றவர்களோ உறவினர்களோ பள்ளியோ ஆசையாகப் போட்டவைதான்.

நாம் போடாத படமும் போகும். கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஓவியர் ஒருவர் 2022-ல் இதே தொகுப்பில் தன் முகத்தையே தேடிப் பார்த்தார். 2013-ல் சிகிச்சையின்போது மருத்துவர் எடுத்த படம் வந்து நின்றது. மருத்துவக் கோப்புக்கு மட்டும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த படம். அந்த மருத்துவரோ 2018-லேயே இறந்துவிட்டார். அது எப்படி வெளியே வந்தது என்று யாரைப் போய்க் கேட்பது?

லையான் அமைப்பு தன் பட்டியலில் படங்களை வைத்திருப்பதில்லை. முகவரியையும் வரியையும் மட்டுமே வைத்திருக்கிறது. புகார் வந்தால் அந்த வரிசையை நீக்குவார்கள். சட்டவிரோதமான படங்களுக்கான முகவரிகளும் உள்ளே இருப்பதாக ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் 2023 டிசம்பரில் சொன்னதும் முழுத் தொகுப்பையும் இறக்கி, சுத்தம் செய்து, 2024 ஆகஸ்டில் புதிதாக வெளியிட்டார்கள். ஆனால் அதற்குள் பழையதை எத்தனையோ பேர் இறக்கிக்கொண்டு போயிருப்பார்கள். அதைப் படித்துப் பழகிவிட்ட மென்பொருளிடமிருந்து ஒரு முகத்தை மட்டும் பிடுங்கி எடுப்பது, குழம்பில் கரைந்த உப்பைத் திரும்ப எடுப்பது மாதிரி.

தடுக்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது, அரைகுறையாக. இணையதளம் நடத்துபவர்கள் 'ரோபாட்ஸ்' என்று ஒரு சின்னக் கோப்பை வைத்து, இன்னின்ன மென்பொருள்கள் உள்ளே வராதீர்கள் என்று எழுதலாம். 1994-லிருந்தே இருக்கும் வழக்கம். காமன் க்ரால் அதை மதிக்கிறது. மதிக்காதவர்களுக்கு அது நாயே இல்லாத வீட்டில் 'நாய்கள் ஜாக்கிரதை' பலகைதான்.

நம் நாட்டில் 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. 18 வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது சட்டம். கூடவே இன்னொன்றும் சொல்கிறது: நாமே பொதுவெளியில் வைத்த தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

இதற்காகப் பேத்தி படத்தைப் பாட்டிக்கு அனுப்பக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பார்வையற்றவர்களுக்காக எழுதும் விளக்க வரியை நிறுத்திவிடுங்கள் என்றும் சொல்லமாட்டேன். 'பாரதியார் வேடத்தில் சிறுமி' என்று எழுதினால் போதும். யார் மகள், எந்த ஊர், எந்த வகுப்பு என்பது அதில் எதற்கு? யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கக்கூடிய பக்கம் என்றால் படம், பெயர், இடம் மூன்றையும் ஒன்றாகக் கோக்காதீர்கள். அடுத்த முறை பள்ளி சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது, 'புகைப்படங்களைப் பயன்படுத்திக்கொள்ள அனுமதிக்கிறேன்' என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், எங்கே பயன்படுத்துவீர்கள் என்று கேளுங்கள். கேட்டால் முகம் சுளிப்பார்கள்தான். சுளிக்கட்டும்.

அக்கா திங்கட்கிழமையே பள்ளிக்குப் போனாள். "நல்ல விஷயம்தானேம்மா போட்டிருக்கோம், எதுக்கு எடுக்கச் சொல்றீங்க?" என்று அலுவலகத்தில் கேட்டார்களாம். இவள் விடவில்லை. பாப்பா படம் மட்டுமில்லாமல் அந்தப் போட்டியில் நின்ற எல்லாக் குழந்தைகளின் பெயர்களையும் எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். வியாழக்கிழமை பெயர்கள் போய்விட்டன.

நேற்று ராத்திரி மறுபடியும் தேடிப் பார்த்துவிட்டு எனக்கு மெசேஜ் போட்டாள். "இன்னும் வருதுடி, சின்னதா." கூகுள் வைத்திருக்கும் பழைய பிரதி அது. அதை நீக்கச் சொல்லி விண்ணப்பிக்க கூகுளிலேயே ஒரு படிவம் இருக்கிறது. லிங்க் அனுப்பியிருக்கிறேன்.