அறிமுகமில்லாதவருக்கு விற்கும்போது பணம் பெறும் பாதுகாப்பான முறைகள்

கறவை மாடு, ஆடு, உழவுக் கருவிகள் ஆகியவற்றை நம் விவசாயிகள் காலங்காலமாகச் சந்தையிலேயே விற்றும் வாங்கியும் வந்தனர். மணப்பாறை, பொள்ளாச்சி, அந்தியூர் போன்ற ஊர்களின் சந்தைகளில், தரகர் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசி முடிப்பார். மாட்டின் கயிறு கை மாறுமுன் பணம் எண்ணப்பட்டுவிடும். வாங்குபவர் வெளியூர்க்காரர் ஆனாலும், அவரை அறிந்த தரகர் ஒருவர் நடுவில் இருப்பார்.

இன்று இவ்விற்பனை கைப்பேசி வழியாகவும் நடைபெறுகிறது. மாட்டின் படத்தையும் கறவை அளவையும் ஆன்லைன் விளம்பரத்தில் போட்டால் பல மாவட்டங்களிலிருந்தும் ஆள் கேட்கிறார்கள். தரகும் சந்தைக்கு ஓட்டிச் செல்லும் வண்டி வாடகையும் மிச்சமாகின்றன. ஆனால் மறுமுனையில் பேசுபவர் யார் என்பது தெரிவதில்லை. அவருக்காகப் பொறுப்பேற்பாரும் இல்லை. பல மாதங்கள் வளர்த்த கறவை மாட்டின் விலை ஒரு நிமிடக் கவனக்குறைவில் பறிபோகக்கூடும். ஆகவே எத்தொகையை எம்முறையில் பெறுவது என்பதை விவசாயிகள் முன்கூட்டியே அறிந்திருத்தல் அவசியம்.

அடிப்படை விதி

பணமும் பொருளும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கை மாற வேண்டும். இச்சந்தை வழக்கத்தை ஆன்லைன் விற்பனையிலும் விட்டுவிடக் கூடாது. எம்முறையை ஏற்பதானாலும் இரண்டு கேள்விகளுக்கு விடை காணவேண்டும். வந்த பணம் மெய்யானதுதானா என்பதை அவ்விடத்திலேயே சோதிக்க முடியுமா? வந்த பணம் பின்னர் இல்லையென்றாகிவிடுமா? இவ்விரண்டிலும் ஐயமிருந்தால் அம்முறையைத் தவிர்ப்பதே நல்லது.

1. ரொக்கம்

நேரில் வந்து மாட்டைப் பார்த்து வாங்குபவரிடம் ரொக்கம் பெறுவது எளிது. கள்ள நோட்டு ஒன்றே இதிலுள்ள அபாயம். தொகை பெரிதானால் வாங்குபவரை உடன் அழைத்துச்சென்று, தம் வங்கிக் கிளையிலேயே பணத்தைச் செலுத்தச் செய்யலாம். நோட்டுகளை வங்கியே சரிபார்த்துவிடும். பணத்தை வீட்டில் வைத்துக் காக்கும் தொல்லையும் இல்லை. ஒரு விற்பனைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதற்கு 2017 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டத்தில் தடை உள்ளது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

2. யு.பி.ஐ. முறை

2016-இல் தொடங்கப்பட்ட யு.பி.ஐ. முறையில் பணம் சில நொடிகளில் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. தனிநபர் ஒருவர் பொதுவாக ஒரு நாளில் 1 லட்சம் ரூபாய் வரை அனுப்பலாம். ஆடு, கன்று, கறவை மாடு, பழைய மோட்டார் பம்பு ஆகியவற்றின் விற்பனைக்கு இது ஏற்றது. எனினும் ஏமாற்றுவோர் பெரிதும் பயன்படுத்துவதும் இம்முறையையே. அவர்களுடைய வழிகள் வருமாறு:

(அ) ரகசிய எண் கேட்டல்: "பணம் அனுப்பியிருக்கிறேன், இந்தக் கியூ.ஆர். குறியை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போட்டால் உங்கள் கணக்கில் ஏறிவிடும்" என்பார்கள். இது முற்றிலும் பொய். யு.பி.ஐ. ரகசிய எண் பணம் அனுப்புவதற்கும் இருப்பைப் பார்ப்பதற்கும் மட்டுமே தேவை. பணம் பெறுவதற்கு எதையும் ஸ்கேன் செய்யவோ, ரகசிய எண்ணைப் போடவோ வேண்டியதில்லை. தனிநபர்கள் ஒருவருக்கொருவர் பணம் கேட்டு வேண்டுகோள் அனுப்பும் வசதி, மோசடியைத் தடுப்பதற்காக 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால் கியூ.ஆர். குறியை அனுப்பி ஏமாற்றும் வழி இன்னும் அடைபடவில்லை.

(ஆ) போலிப் படமும் குறுஞ்செய்தியும்: பணம் செலுத்தியதாகக் காட்டும் ஸ்கிரீன் ஷாட்டைப் போலியாகத் தயாரிக்க முடியும். வங்கியிலிருந்து வருவது போன்ற குறுஞ்செய்தியையும் அனுப்ப முடியும். எனவே வாங்குபவரின் கைப்பேசியில் பச்சைக் குறி தெரிகிறது என்பதற்காகக் கயிற்றை அவிழ்த்துக் கொடுக்கக்கூடாது. தம் கைப்பேசியில் தாமே கணக்கின் இருப்பைப் பார்த்து, விற்பனைத் தொகை கூடியிருக்கிறதா என்று உறுதி செய்யவேண்டும்.

(இ) "பணம் கழிந்துவிட்டது, வந்து சேரும்": சில சமயம் இது உண்மையாகவும் இருக்கலாம். அனுப்பியவர் கணக்கில் கழிந்த பணம் பெறுபவருக்குச் சேராவிட்டால் அடுத்த நாளுக்குள் தானாகவே அவர் கணக்குக்குத் திரும்பவேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் அவருக்கு இழப்பீடு தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆகவே நேர்மையானவருக்கு இதனால் நட்டமில்லை. பணம் சேரும்வரை மாடு நம் கொட்டிலிலேயே நிற்கட்டும்.

(ஈ) "தவறிக் கூடுதலாக அனுப்பிவிட்டேன்": 5,000 ரூபாய்க்குப் பதில் 50,000 ரூபாய் அனுப்பிவிட்டதாக அழுது, மீதியை வேறொரு எண்ணுக்கு அனுப்பச் சொல்வார்கள். இருப்பைப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் வந்திராது. மெய்யாகவே வந்திருந்தாலும் தாமே திருப்பி அனுப்பாமல் வங்கிக் கிளையில் தெரிவித்து, அவர்கள் சொல்லும் வழியில் திருப்பவேண்டும்.

(உ) வேறொருவர் கணக்கிலிருந்து பணம்: இதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. பேசியவர் ஒருவர், பணம் வந்தது மற்றொருவர் கணக்கிலிருந்து என்றால் எச்சரிக்கை தேவை. அது யாரிடமோ மோசடி செய்த பணமாக இருந்தால், விசாரணையின்போது அத்தொகையோ கணக்கோ முடக்கப்படக்கூடும். பயிர்க்கடனும் மானியமும் வரும் கணக்கு முடங்கினால் சாகுபடியே தடைப்படும். ஆகவே வாங்குபவரின் சொந்தக் கணக்கிலிருந்தே பணம் பெறவேண்டும். விலை பேசி முடித்தவுடன் அவரை ஒரு ரூபாய் அனுப்பச் சொல்லி, வரும் பெயரை அவருடைய அடையாள அட்டையோடு ஒப்பிடலாம்.

3. வங்கி வழிப் பரிமாற்றம்

பவர் டில்லர், பழைய டிராக்டர் போன்ற பெரிய விற்பனைகளுக்கு இதுவே சிறந்தது. ஐ.எம்.பி.எஸ். முறையில் 5 லட்சம் ரூபாய் வரை உடனே சேரும். நெஃப்ட் முறையில் பணம் அரைமணிக்கு ஒரு தொகுப்பாகச் செல்வதால் சிறிது தாமதமாகலாம். 2 லட்சமும் அதற்கு மேலும் ஆர்.டி.ஜி.எஸ். முறையில் பெறலாம், இம்முறையில் சேர்ந்த பணத்தை அனுப்பியவர் தம் விருப்பப்படி திரும்பப் பெற முடியாது. இருவரும் வங்கிக் கிளைக்கே சென்று, பணம் வரவானதும் அங்கேயே வண்டியின் சாவியையும், கையொப்பமிட்ட 29, 30 எண் படிவங்களையும் ஒப்படைப்பது நன்று.

4. காசோலையும் வரைவோலையும்

அறிமுகமில்லாதவரிடம் காசோலை வாங்கிக்கொண்டு பொருளை அனுப்பக்கூடாது. கணக்கில் பணமின்றிக் காசோலை திரும்பினால், தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்து, 15 நாட்கள் காத்திருந்து, பின்னர் நீதிமன்றம் செல்ல வேண்டும். அதற்குள் மாடு எந்தச் சந்தையில் கை மாறியிருக்குமோ! வரைவோலையிலும் போலி உண்டு. 2018 செப்டம்பர் 15 முதல் வரைவோலையின் முகப்பில் அதை எடுத்தவரின் பெயரும் அச்சிடப்படுவதால், வாங்குபவரின் பெயரோடு ஒப்பிடலாம். எனினும் தம் கணக்கில் வரவான பிறகே பொருளைத் தரவேண்டும்.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

ஏமாற்றம் விற்பவருக்கு மட்டும் வருவதன்று. நல்ல மாடு ஒன்றின் படத்தைப் போட்டு, சந்தை விலையில் பாதி சொல்லி, "முன்பணம் அனுப்பினால் வண்டியில் ஏற்றிவிடுகிறேன்" என்பார்கள். பின்னர் வண்டி வாடகை, காப்பீடு என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். ராணுவத்தில் இருப்பதாகவும் மாற்றல் வந்துவிட்டதால் மலிவாகத் தருவதாகவும் கூறி, அடையாள அட்டையின் படத்தை அனுப்புவோரும் உண்டு. படத்தை நம்பாமல் நேரில் சென்று, மாடானால் கறந்து பார்த்தும், கருவியானால் ஓட்டிப் பார்த்தும் பிறகே பணம் தரவேண்டும். நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். முறைகளில், அனுப்புமுன் பெறுபவரின் கணக்குப் பெயரைப் பார்க்கும் வசதியை 2025 ஏப்ரல் 1 முதல் வங்கிகள் தரவேண்டும் என ரிசர்வ் வங்கி விதித்துள்ளது. இதனைக் கேட்டுப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

எழுத்து அவசியம்

தேதி, இருவர் பெயர், முகவரி, பொருளின் அடையாளம், விலை, பணம் வந்த முறை, பரிமாற்ற எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, இருவரும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளவேண்டும். மாடானால் காதுவில்லை எண்ணையும், வண்டியானால் என்ஜின், சேசிஸ் எண்களையும் குறிக்கவேண்டும். கணக்கைப் பற்றி யாரேனும் கேள்வி எழுப்பினால் இத்தாளே துணை.

ஏமாந்துவிட்டால்

வெட்கப்பட்டு மறைப்பதால் பயனில்லை. இதில் காலமே முக்கியம். உடனே 1930 என்ற இலவச எண்ணை அழைத்துப் பரிமாற்ற எண், தொகை, நேரம் ஆகியவற்றைத் தெரிவிக்கவேண்டும். மோசடிக்காரர் எடுப்பதற்கு முன் தகவல் சென்றால், பணத்தை அக்கணக்கிலேயே முடக்கிவைக்க வழியுண்டு. அதன்பின் வங்கியிலும் சைபர் குற்றக் காவல் பிரிவிலும் எழுத்து மூலம் புகார் கொடுத்து ரசீது பெறவேண்டும். உரையாடல்களையும் எண்களையும் கைப்பேசியிலிருந்து அழித்துவிடக்கூடாது.

அவசரப்படுத்துபவரிடம் அவசரப்படாமலும், தம் கணக்கில் பணத்தைக் கண்ணால் கண்ட பின்னரே கயிற்றைக் கொடுத்தும் வந்தால், விவசாயப் பெருமக்கள் தொலைவிலுள்ளோருக்கும் தம் பொருளை நட்டமின்றி விற்று நல்ல விலை பெறலாம்.